ஊசிமுனையில் தீர்ப்பு எழுதாதீர்கள்: சுகாதாரத் துறை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சுகாதாரத் துறையின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

சிறிய மருத்துவமனைகளுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். கழுத்தில் நெறி கட்டி வருகிறவர்களுக்கு இனி ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனையே போதும் என்கிறது அது. அதில் திசு அழிவு தெரிந்தால், கிருமி தென்படாவிட்டாலும் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடலாம். வீங்கிய நிணநீர்க் கணுவை அறுத்தெடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்பும் பயாப்சியைத் தவிர்க்க முடியாத நோயாளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, திசுவைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும் நோய்க்குறியியல் நிபுணர்கள் போதவில்லை. மற்றொன்று, பயாப்சியால் மட்டுமே தெரியவரும் நோய்கள் மிக அரிதானவை, பதிவேடுகளில் அவை அநேகமாக இல்லை.

முதல் காரணம் உண்மை. அந்தப் பற்றாக்குறைக்கு நடுவில்தான் நான் வேலை பார்க்கிறேன். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஒரு சிறிய மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பராக இருப்பவள். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டைப் பதப்படுத்தி, பாரஃபினில் புதைத்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாகக் கொடுப்பது என் வேலை. நோயின் பெயரைச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் பெயரைச் சொல்ல வேண்டியவரிடம் எது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, எது போகும் வழியிலேயே கெட்டுப்போகிறது என்பதை என்னைப் போன்றவர்கள்தான் தினமும் பார்க்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. சுற்றறிக்கையில் நீங்கள் இப்போது எழுதி வைத்திருக்கும் வழி பல இடங்களில் முன்பே எழுதாத வழக்கமாக இருந்தது. என் தங்கையின் மகள் அந்த வழியில் போய் அடிபட்டு வந்தவள். தங்கை மகள் என்றால் எனக்கும் மகள்தான்.

அவளுக்கு வந்தது கிக்குச்சி நோய். 1972-ல் ஜப்பானில் மசாஹிரோ கிக்குச்சியும், அவரைச் சாராமல் ஃபுஜிமோட்டோவும் அவருடைய சகாக்களும் இதை முதன்முதலாக விவரித்தார்கள். அதனால் கிக்குச்சி–ஃபுஜிமோட்டோ நோய் என்றும் பாடநூல்களில் இருக்கும். பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருகிறது, பெண்களுக்குக் கூடுதலாக. கழுத்தின் பக்கத்திலோ பின்புறத்திலோ நெறி கட்டும். தொட்டால் வலிக்கலாம். காய்ச்சல், சோர்வு, இரவில் வியர்வை, எடைக் குறைவு எல்லாம் கூட வரலாம். பலருக்கு இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். இதில் எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும் காசநோயிலும் உண்டு, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் உண்டு. வித்தியாசம் முடிவில்தான். கிக்குச்சி நோய் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து, கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு, அவ்வளவுதான் சிகிச்சை. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மறுபடி வரலாம்.

தானாகவே அடங்கிவிடும் என்பதை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் சுற்றறிக்கையின் கணக்கு தப்புவது அங்கேதான்.

கிக்குச்சி நோய் உள்ள ஒருத்திக்குக் காசநோய் மருந்து கொடுத்தால் என்ன நடக்கும்? இரண்டு மூன்று மாதத்தில் கட்டி வற்றும், காய்ச்சல் நிற்கும். மருந்து கொடுக்காமல் இருந்தாலும் அதுவேதான் நடந்திருக்கும். ஆனால் கோப்பில் ஏறுவது, "கழுத்துக் கணுக் காசநோய், சிகிச்சைக்கு நல்ல பலன்." தப்பான முடிவு சரியென்று முத்திரை குத்தப்பட்டு வெளியே போகிறது. மருத்துவருக்குத் தன் கணிப்பின்மேல் நம்பிக்கை வளர்கிறது. அடுத்து அதே கோலத்தில் வருகிறவளுக்கும் அதே மாத்திரை. புகார் வராது, மரணம் வராது, தணிக்கையில் எந்தக் கேள்வியும் எழாது. பிறகு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த நோயே இல்லை என்று நீங்கள் சுற்றறிக்கை எழுதுகிறீர்கள். பயாப்சி செய்தால்தான் தெரியும் நோயை, பயாப்சி செய்யாத இடத்தின் பதிவேட்டில் தேடினால் எப்படி இருக்கும்?

மருந்து வீணாகப் போகிறது என்பதோடு முடிந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஆறு மாதம் விழுங்க வேண்டிய மருந்து அது. முதல் இரண்டு மாதம் நான்கு வகை. அவற்றில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எத்தாம்புட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடியது. காசநோய் உள்ளவருக்கு உயிர் காக்கும் மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாதவருக்கு அந்த ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

என் தங்கை மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே சற்றுப் பின்தள்ளி வரிசையாக நெறிகட்டிகள், தொட்டால் வலி, மாலையானால் காய்ச்சல், இரத்தத்தில் வெள்ளணுக் குறைவு. இவ்வளவையும் வெளிநோயாளிச் சீட்டில் ஒரு பயிற்சி மருத்துவர் பொறுப்பாகக் குறித்து வைத்திருந்தார். அந்தச் சீட்டு எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போகவில்லை. ஊசிப் பரிசோதனையின் அறிக்கை வந்தது: திசு அழிவு காணப்படுகிறது, அமிலம் தாங்கும் கிருமிகள் (காசநோய்க் கிருமியின் வகை) தென்படவில்லை, காசநோய்க்கான வாய்ப்பைப் பரிசீலிக்கவும். யாரும் எதையும் பரிசீலிக்கவில்லை. நான்கு மருந்துகளையும் தொடங்கிவிட்டார்கள்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதற்கு அவள் பயப்படவில்லை. அதுவே வினையாகிவிட்டது. சில வாரங்களில் குமட்டல், ஓயாத வாந்தி. சிறுநீர் அடர்ந்த பழுப்பாக மாறியதை மருந்தின் நிறம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறிய பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் நொதிகள் பல மடங்கு கூடியிருந்தன. மருந்தை நிறுத்தினார்கள், கல்லீரல் மெல்லத் தேறியது. அதற்குள் கழுத்துக் கட்டிகள் பெரும்பாலும் வற்றியிருந்தன. "பார்த்தீர்களா, மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. கல்லீரல் சரியானதும் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்குவோம்" என்றார்கள். காசநோய் உறுதியானவருக்கு அதுதான் முறை. இவளுக்கு எது உறுதி என்று கேட்டேன். "இவ்வளவு கரைந்திருக்கிறதே, இன்னும் என்ன உறுதி வேண்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

திரும்பத் தொடங்குவதற்குள் காய்ச்சல் மறுபடி வந்தது. கழுத்தில் அதே பக்கம் புதிதாக ஒரு கணு. இப்போது பேச்சு மாறியது. மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்கலாம் என்றார் ஒருவர். லிம்போமாவை மறந்துவிடக் கூடாது என்றார் இன்னொருவர். காய்ச்சலைக் குறைக்க ஸ்டீராய்டு போட்டுப் பார்க்கலாமே என்றார் மூன்றாமவர். பயாப்சிக்கு முன்னால் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா இருந்தாலும் திசுவில் முகம் காட்டாமல் போகலாம் என்பது ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எனக்கே தெரியும். நான் தடுத்தேன். அது மரியாதைக் குறைவாகக்கூடப் பட்டிருக்கலாம். "பெரியம்மா, எனக்கு என்ன நோய் என்று யாருக்காவது தெரியுமா?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள்.

ஒருவழியாகக் கணுவை முழுதாக அறுத்தெடுத்தார்கள். முதல் அறிக்கை வயிற்றைக் கலக்கியது: பெரிய அணுக்கள் மிகுந்திருக்கின்றன, லிம்போமா சந்தேகம், இம்யூனோ சாயப் பரிசோதனை தேவை. அணுக்கள் எந்த வகை என்று பிரித்துக் காட்டும் அந்தப் பரிசோதனைக்கு வேறு மையத்துக்குத்தான் போக வேண்டும். அவளுடைய சொந்தக் கழுத்திலிருந்து எடுத்த பிளாக்கையும் (பாரஃபினில் புதைத்த திசுக் கட்டி) ஸ்லைடையும் வெளியே கொண்டுபோக அனுமதி கேட்டு நாங்கள் அலைந்த அலைச்சலை இங்கே விவரிக்கவில்லை. உள்ளே வேலை பார்க்கும் எனக்கே அந்தக் கதி என்றால், படிப்பறிவில்லாத ஒரு தாய் தகப்பன் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அந்த மையத்தில் இருந்த மூத்த நோய்க்குறியியல் நிபுணர், இம்யூனோ முடிவுகள் வருவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்தார். தொட்டால் வலித்ததா? காய்ச்சல் எவ்வளவு காலமாக? வெள்ளணுக்கள் எவ்வளவு? மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, வாய்ப்புண் உண்டா? பத்திரமாக வைத்திருந்த வெளிநோயாளிச் சீட்டை எடுத்து வாசித்தேன். "லிம்போமா என்று எனக்குத் தோன்றவில்லை. கிக்குச்சியாகத்தான் இருக்க வேண்டும். மற்ற சாயங்களையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்றார். பின்னால் வந்த முடிவுகளும் அதையே காட்டின. சிதைவுகளை விழுங்கும் ஹிஸ்டியோசைட்டுகள் என்ற அணுக்கள், சிடி68, மைலோபெராக்சிடேஸ் என்ற அடையாளப் புரதங்களுக்கான சாயங்களில் நிறம் ஏற்றிருந்தன. லிம்போமா என்று மிரட்டிய பெரிய அணுக்களில் பெரும்பாலானவை நோயை எதிர்க்கும் சிடி8 வகை டி-அணுக்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். அவர் முதலில் பார்த்தது அதே ஸ்லைடு. ஹெமடாக்சிலினும் இயோசினும் என்ற, உலகத்தின் எந்த மூலையில் உள்ள ஆய்வுக்கூடத்திலும் இருக்கும் அதே சாயம். கணுவின் புறணியை ஒட்டிய பகுதியில் திட்டுத்திட்டாக அழிவு. அந்தத் திட்டுகளில் உடைந்து நொறுங்கிய உட்கருக்களின் தூசி. அந்தத் தூசியை விழுங்கிக்கொண்டிருக்கும், பிறைவடிவ உட்கரு கொண்ட ஹிஸ்டியோசைட்டுகள். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் இல்லவே இல்லை. காசநோயாக இருந்தால் அழிவைச் சுற்றி எபிதிலியாய்டு அணுக்கள் கூடிய கிரானுலோமாக்கள் என்ற திரள்களையும் லாங்ஹான்ஸ் பேரணுக்களையும் தேடுவார்கள். அழிவு இரண்டிலும் உண்டு. எந்த அணு எங்கே, எதைச் சூழ்ந்து இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஊசி உறிஞ்சும்போது அந்த அமைப்பு கலைந்துபோகிறது. ஊசிப் பரிசோதனையால் கிக்குச்சி நோயைக் கண்டறிவதன் துல்லியம் ஏறக்குறைய 56 சதவீதம் என்று 2001-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதுவும் இந்த நோயைத் தெரிந்து தேடியவர்கள் கைக்குக் கிடைத்த எண்.

முதல் அறிக்கையை எழுதியவரைக் குறைசொல்ல மாட்டேன். அவருக்குப் போன படிவத்தில் பெயர், வயது, "கழுத்துக் கணு" என்ற ஒரு குறிப்பு, இவ்வளவுதான் இருந்தது. அனுபவம் மிக்கவர்களும் இந்த நோயை லிம்போமா என்று எழுதியிருக்கிறார்கள். 1988-ல் டோர்ஃப்மனும் பெர்ரியும் 108 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் கணிசமானோருக்கு முதலில் லிம்போமா என்றே சொல்லப்பட்டிருந்தது. அப்படியொரு பெயர் மாறினால் தேவையில்லாத கீமோதெரபி வரை போகலாம். மாறாக, உண்மையான லிம்போமாவைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சுற்றறிக்கை இந்த இரண்டாவது கதவையும் அகலத் திறந்து வைக்கிறது.

உடலின் நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் லூபஸ் என்ற இன்னொரு நோயும் இருக்கிறது. அதில் வரும் கணுவின் அழிவும் கிக்குச்சியை அப்படியே ஒத்திருக்கும். கிக்குச்சி வந்தவர்களில் சிலருக்கு லூபஸ் முன்பே இருக்கும், சிலருக்குக் கூடவே வரும், சிலருக்குப் பின்னால் வரும். அதனால் லூபஸைத் தேடும் ஏஎன்ஏ இரத்தப் பரிசோதனையும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும். காசநோய் என்று எழுதி மாத்திரை முடிந்ததும் அனுப்பிவைக்கப்பட்ட ஒரு பெண்ணை யார் கண்காணிக்கப்போகிறார்கள்? கட்டியோ கரைந்துவிட்டது, கோப்பும் மூடிவிட்டது. பின்னொரு நாள் லூபஸால் அவளுடைய சிறுநீரகம் பழுதாகி வரும்போது பழைய கணுவின் கதையை யாரும் கேட்கமாட்டார்கள்.

கிக்குச்சி ஒன்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1956-ல் பெஞ்சமின் காசல்மன் விவரித்த கணு நோய், 1969-ல் ரோசாயும் டோர்ஃப்மனும் விவரித்த நோய் ஆகியவையும், திசுவைப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டிய இந்த வரிசையில் வருகின்றன. காசல்மன் நோயின் ஒரு வகையைக் கண்டறிய 2017-ல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவுகோலில், கணுவின் திசு அமைப்பு கட்டாயமான நிபந்தனை. ஊசியால் எடுத்த துளியை வைத்து அந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது.

இனி என் மேசைக்கு வருபவற்றைச் சொல்கிறேன். வளங்கள் இல்லை என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கவனக்குறைவு என்பது அங்கே தெரியும்.

வாய் குறுகிய மருந்துக் குப்பியில் கணு வரும். அறுத்த நேரத்தில் மெத்தென்று இருந்ததால் உள்ளே நுழைந்திருக்கும். ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது. குறடால் இழுத்தால் நசுங்கும், நசுங்கிய நிணநீர் அணுக்களை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. ஆகவே குப்பியைத் துணியில் சுற்றி உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு ஒன்று திசுவில் ஒட்டியிருந்தாலும் மைக்ரோடோம் கத்தி போய்விடும். திசுவைவிடக் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டிய குப்பியில், அடிப்பாகம் நனையும் அளவுக்குத்தான் இருக்கும். ஃபார்மலினே இல்லாமல் உப்புநீரில் மிதந்து வந்த கணுக்களும் உண்டு. ஒட்டியிருந்த தாளில் எழுத்து கரைந்து யாருடையது என்றே தெரியாமல் வந்தவையும் உண்டு.

கணுவை வெட்டாமல் முழுதாகப் போட்டால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். ஓடு பதப்படும், நடுப்பகுதி அதற்குள் தானாகச் சிதையத் தொடங்கிவிடும். அப்படிச் சிதைந்த இடம் மைக்ராஸ்கோப்பில் திசு அழிவைப் போலவே தோன்றக்கூடும். அழிவு எத்தகையது என்பதை வைத்தே பெயர் சொல்ல வேண்டிய நோய் இது. நாமே ஒரு பொய்யான அழிவை உண்டாக்கி அனுப்பிவிட்டு, அறிக்கை தெளிவில்லை, பயாப்சியால் பயனில்லை என்று குறைபடுகிறோம்.

முழுவதையும் ஃபார்மலினில் போடுவதும் தவறுதான். காசநோய்க் கிருமியை ஃபார்மலின் கொன்றுவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. எடுத்த உடனே கணுவை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியைக் கிருமிநீக்கிய குப்பியில் சிறிது உப்புநீரோடும் போட்டால் இரண்டு கேள்விக்கும் ஒரே அறுவையில் பதில் கிடைக்கும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பெர்ட் மூலக்கூறு சோதனையை நிணநீர்க் கணுத் திசுவிலும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. சளியைச் சோதிக்க அந்தக் கருவி உங்கள் மருத்துவமனைகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறையில்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு கணு போய் நான் பார்த்ததில்லை. கேட்டால், படிவத்தில் சளிக்கு மட்டும்தான் இடம் இருக்கிறதாம்.

காசநோய் எங்கும் பரவியிருக்கும் இடத்தில், கழுத்துக் கட்டி என்றால் முதலில் அதைத்தானே நினைக்க முடியும், தாமதித்தால் ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காசநோயை முதலில் நினைப்பதில் தவறே இல்லை. மூச்சுத் திணறலோ, மூளைக்காய்ச்சலின் அறிகுறியோ, எச்ஐவி தொற்றோ உள்ள ஒருவருக்கு அறிக்கைக்காகக் காத்திருக்கச் சொல்லும் அளவுக்கு நான் அறியாதவள் அல்ல. ஆனால் கழுத்துக் கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் இருமலால் பிறருக்குப் பரவுவதில்லை. நுரையீரல் படம் சுத்தமாக இருந்து, நோயாளி நடமாடிக்கொண்டிருந்தால், கணுவை எடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை பொறுப்பதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. ஆறு மாத மருந்தை ஆரம்பிக்க அவ்வளவு அவசரம், அதற்கு ஆதாரம் தேட மட்டும் நேரமில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

நிபுணர்கள் இல்லை என்பதற்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு. நிபுணர் இருக்கும் இடத்துக்கு ஸ்லைடு போகலாம். ஸ்லைடு போக நாளாகும் என்றால் படம் போகலாம். மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் கைபேசியைப் பொருத்தி எடுத்த படங்களை வைத்து முதல் கருத்துச் சொல்வது இன்று புதுமை அல்ல. இறுதி அறிக்கைக்கு அது போதாது என்பது தெரியும். ஆனால் எந்த ஸ்லைடை அவசரமாக மேலே அனுப்ப வேண்டும், எதற்கு இன்னும் ஆழமாகச் சீவ வேண்டும் என்று தீர்மானிக்க அது போதும். என் தங்கை மகளுக்கு விடை கொடுத்தது ஒரு பழைய சாயமும், நல்ல கண்ணும், ஒரு தொலைபேசி அழைப்பும். அவற்றில் விலை உயர்ந்தது எது?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, கிருமி தென்படாமலும் வேறு ஆதாரம் இல்லாமலும், ஊசியில் தெரிந்த திசு அழிவை மட்டும் வைத்துக் காசநோய் மருந்தைத் தொடங்கலாம் என்ற பத்தியைத் திரும்பப் பெறுங்கள். ஊசிப் பரிசோதனை முதல் படியாக இருக்கட்டும். அதில் தெளிவு கிடைக்காவிட்டால் கணுவை உறையோடு முழுதாக எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். எடுக்க வசதியான கணுவை விட்டுவிட்டு, அதிகம் பாதிக்கப்பட்டதாகத் தோன்றும் கணுவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்பதையும், உயிருக்கு ஆபத்தான நிலைகளை விலக்கி, அதே இடத்தில் சேருங்கள்.

எடுத்த கணுவை உடனே இரண்டாக வெட்டி, பாதியைத் திசுப் பரிசோதனைக்கும் பாதியைக் கிருமி வளர்ப்புக்கும் மூலக்கூறு சோதனைக்கும் அனுப்புவதை எல்லா அறுவை அரங்குகளுக்கும் நடைமுறையாக்குங்கள். வாய் அகன்ற குப்பிகளையும் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினையும் அரங்குகளுக்குத் தவறாமல் வழங்குங்கள். மூலக்கூறு சோதனைப் படிவத்தில் திசுவுக்கும் ஓர் இடம் போடுங்கள். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு ஒன்றும் தேவையில்லை, ஒரு புதிய அச்சுப் படிவம் போதும்.

ஆய்வுக்கூடத்துக்கு வரும் கோரிக்கைப் படிவத்தில் வலி, காய்ச்சலின் காலம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏற்கெனவே கொடுத்த மருந்துகள், எந்த இடத்துக் கணு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். நிரப்பாத படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை எங்களுக்குக் கொடுங்கள். இப்போது கேட்டால், உனக்கெதற்கு என்ற பதில்தான் வருகிறது.

நிபுணர் இல்லாத மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை ஐயத்துக்குரிய ஸ்லைடுகளைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். இம்யூனோ பரிசோதனைக்கு பிளாக்கை அனுப்புவது மருத்துவமனையின் வேலையாக இருக்கட்டும், நோயாளியின் உறவினர்கள் பையில் சுமந்து போகும் வேலையாக இருக்க வேண்டாம். இரண்டாவது கருத்துக் கேட்கும் நோயாளிக்கு அவருடைய பிளாக்கையும் ஸ்லைடையும் ரசீதின் பேரில், காரணம் கேட்காமல், கடனாகக் கொடுக்கும்படி உத்தரவிடுங்கள்.

கிருமி உறுதியாகாமல் காசநோய் மருந்தில் இருக்கும் ஒவ்வொரு கணு நோயாளியின் கோப்பையும் இரண்டு மாத முடிவில் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். கட்டி கரைந்திருந்தாலும் செய்ய வேண்டும். அவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனையும், சிறுநீரின் நிறம் எப்படி மாறினால் உடனே வர வேண்டும் என்ற தெளிவான அறிவுரையும் மருந்து தொடங்கும் நாளிலேயே கிடைக்க வேண்டும். கிக்குச்சி என்று உறுதியானவர்களுக்கு ஏஎன்ஏ பரிசோதனையையும் தொடர் கண்காணிப்பையும் உங்கள் மருத்துவமனைகளிலேயே ஏற்பாடு செய்யுங்கள். இத்தகைய அரிய கணு நோய்களுக்கெனப் பதிவேட்டில் தனிப் பத்தி ஒன்றைத் தொடங்குங்கள்.

சுற்றறிக்கையைத் திருத்த முடியாது என்று நீங்கள் முடிவெடுத்தால், அதற்கான மருத்துவக் காரணத்தை எழுத்தில் தாருங்கள். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். சுற்றறிக்கை போன எல்லா மருத்துவமனைகளுக்கும் அந்தப் பதிலும் போகட்டும்.

இப்படிக்கு,
திசு ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஒருவர்